முப்பத்திரண்டு, இருபத்தேழு

திங்கட்கிழமையிலிருந்து பேன்ட் என்றார் சூப்பர்வைசர்.
மரோல் குடோனில் நாள் முழுக்க பார்சல் பெல்ட் ஓடுகிறது.
துப்பட்டாவுக்குக் கண் இல்லை, பெல்ட்டுக்கும் இல்லை.
போன மாதம் ஒருத்தியின் முந்தானை
மூன்று பெட்டிகளோடு சேர்ந்து புனே கிளம்பப் பார்த்தது.

குர்லா ஸ்டேஷனுக்கு வெளியே
முந்நூற்றைம்பது சொன்னதை இருநூற்றெண்பதுக்குப் பேசி
என் முதல் ஜீன்ஸை
நாற்பத்து மூன்றாம் வயதில் வாங்கினேன்.
இடுப்பு சரி.
நீளம் மட்டும் வேறு யாருடையதோ.
முப்பத்திரண்டு என்கிறது லேபிள்.
என் கால்கள் இருபத்தேழில் முடிந்துவிடுகின்றன.

கதவைச் சாத்தி, ஜன்னலுக்குத் துண்டு போட்டு,
கட்டிலுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே நின்றேன்.
தவசி முட்டி போட்டார்,
வாயில் நாலு குண்டூசி, கையில் சோப்புச் சில்லு.
இருபத்தொரு வருஷத்தில் இந்த மனிதர்
என் காலடியில் உட்கார்ந்தது
மெட்டி போட்ட அன்று ஒரு தரம்,
இன்று ஒரு தரம்.
அசையாதே என்றார், ஊசிகளுக்கு இடையிலிருந்து.
நான் அசையவில்லை, சிரிப்புதான் அசைந்தது.
செருப்பைப் போட்டுக்கொண்டு நில், உயரம் மாறும் என்றார்.
மழைக்காலம், இன்னும் அரை இஞ்ச் ஏற்று என்றேன்.
காந்தி மார்க்கெட்டில் தண்ணீர் நிற்கும் உயரம்
என் கணுக்காலுக்குத் தெரியும்.

என் மெஷின் பிளவுஸ் தைத்து வளர்ந்தது.
சேலை ஃபால்ஸ், தலையணை உறை, பக்கத்து வீட்டுத் திரைச்சீலை.
தடிமன் என்றால் அதற்குக்
கழுத்துக்குள் வைக்கிற கேன்வாஸ்தான்.
முதல் ஒரு ஜாண் ஒழுங்காகப் போனது.
பக்கத் தையல் வந்ததும்
ஸ்பீடு பிரேக்கர் முன்னால் ஐந்து பேர் ஏறிய ஆட்டோ மாதிரி
மூக்கைத் தூக்கி, உறுமி,
அப்புறம் டக்.
ஊசியின் மறுபாதியைத் தேடி
இருவரும் தரையைத் தடவினோம்.

எண்ணிப் பார்த்தேன்.
அந்தத் தையலே நாலு அடுக்கு.
இரண்டு மடி மடித்தால் பன்னிரண்டு.
பன்னிரண்டு மாடிக் கட்டடம்,
லிஃப்ட் இல்லை,
ஏறப்போனது பதினான்காம் நம்பர் ஊசி.

தொண்ணூறடி ரோட்டில் பதினாறாம் நம்பர் கிடைத்தது.
ஈரத்துணி போட்டு மேட்டைச் சுத்தியலால் தட்டினார் தவசி.
கீழ்வீட்டு ஷிண்டே பாய்
துடைப்பக்கட்டையால் பதில் தட்டினாள்.
அவள் கூரைதானே எங்கள் தரை.
பதினாறும் ஒன்று போயிற்று.
உடையாத நேரத்தில் தையல் தாவியது,
மட்டம் போடும் பிள்ளையின் வருகைப் பதிவேடு மாதிரி.

பிறகுதான் குனிந்து பார்த்தேன்.
மேட்டில் ஏறும்போது மெஷினின் பாதத்துக்கு
விரல் மேலே, குதிகால் அந்தரத்தில்.
அப்படி நின்றால் நானே நடக்க மாட்டேன்.
வெட்டிப்போட்ட துண்டை எடுத்து மடித்துக்
குதிகாலுக்கு அடியில் கொடுத்தேன்,
எவளோ நெட்டைக்காரிக்காக நெய்த
அந்த ஐந்தரை இஞ்சை.
பாதம் மட்டமானது.
மோட்டாரை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.
ஒரு தையல். மூச்சு. ஒரு தையல்.
ஊசி இறங்க இறங்க ஒவ்வொரு அடுக்கும்
தனித்தனியாக ‘ம்’ என்றது.
மஞ்சள் நூல் அந்தப் பக்கம் இறங்கியபோது
தவசி கை தட்டினார்.
ஷிண்டே பாயும் தட்டினாள், வேறு காரணத்துக்கு.

திங்கட்கிழமை மழை.
காந்தி மார்க்கெட்டில் ஜீன்ஸின் ஓரம் நனையவில்லை.
இடது கால் மட்டும் ஒரு நூல் தூக்கல்,
அது எனக்கும் தவசிக்கும் தெரியும்.
சூப்பர்வைசர் பார்த்தார், தலையாட்டினார்,
பெல்ட்டை ஓடவிட்டார்.

இரவு வந்து பார்த்தால்
துண்டு கட்டிலின் ஆடும் காலுக்கு அடியில் கிடக்கிறது.
எடுங்கள், அடுத்த ஜீன்ஸுக்கு வேண்டும் என்றேன்.
அடுத்ததா என்றார்.